பாயோட ஒட்டின மருமகனுக்கு

மட்டக்களப்பானைப் பற்றி யாழ்ப்பாணத்தில ஒரு பழங்கதை உண்டு. அங்க போறவனை மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வச்சிருவாங்களாம். வேலைக்கெண்டு வந்து இஞ்சயே கலியாணம் கட்டின உத்தியோகத்தர்மார் ஊருக்குக் கிறுகிப் போகாததுக்குச் சொன்ன சாட்டு அது. தாய்வழியா எங்கட பொண்ணுகளுக்கு வாற வீட்டையும் வயலையும் கண்டு, எருமைத் தயிரும் திண்டவன் எவன்கா திரும்பிப் போவான்? மந்திரத்தில பழியைப் போட்டது அவனுகள்ற கெட்டித்தனம்.

ஆனா மருமகன், நீ கட்டாரால வந்த நாள் தொடக்கம் மந்திரம் மாயம் ஒண்டும் இல்லாமலே பாயோட ஒட்டிக் கிடக்காய். வேளாண்மை வெட்டுக்குக் கூப்பிட்டா தலையிடி. கோயில் சடங்குக்குக் கூப்பிட்டா வயித்துக்குத்து. ராவைக்கு நித்திரை இல்லை, பகலைக்கு முழிப்பு இல்லை. நேத்து உன்ட பொஞ்சாதி வெத்திலை வட்டாவையும் தூக்கிக்கொண்டு என்னட்ட வந்தாள். பிரதேச செயலகத்தில உளவளத்துணை செய்ற மிஸ் ஒருத்தர் இரிக்காவாம், நீயும் போறதுக்கு ஓம் எண்டுட்டியாம், ஆனா உள்ளுக்குள்ள உதறுதாம், நீங்க ஒரு கதை கதைங்க மாமா எண்டாள். புத்தி சொல்லாத ஒருத்தரிட்ட உன்னை அனுப்புறதுக்கு, புத்தி சொல்லுறதையே தொழிலா வச்சிரிக்கிற என்னைப் பிடிச்சிரிக்காள். கெட்டிக்காரிதான்.

ஊர் என்ன சொல்லும் எண்டுதானே பயப்படுறாய்? ஊர் சொல்லத்தான் செய்யும். அங்கொடை ஆசுபத்திரிக் கேஸ் எண்டுவாங்க, விசர் எண்டுவாங்க. சொல்லுறவனுகள் ஆர் எண்டு கொஞ்சம் பார். சந்தியில குந்திக்கொண்டிரிக்கிறவனுகளில ஒருத்தனுக்குப் பொழுது பட்டாக் காப்போத்தல் இல்லாம கண் மூடாது. மற்றவன் பொஞ்சாதியோட கதை பேச்சு விட்டு எத்தினையோ வருசம், சாப்பாட்டுக்கு மட்டும் மகளை விட்டுச் சொல்லி அனுப்புவான். அவனுகளும் வைத்தியம்தான் செய்றானுகள் மனே, காசு குடுக்கிற கடைதான் வேற.

2014 க்கு முதல் எண்டா நீ பட்டிருப்பாய். மண்முனைத் துறைக்குப் பாலம் வர முதல், வாவிக்கு மேக்க இரிக்கிற படுவான்கரையான் ‘பாதை’ எண்ட மிதவையில ஏறித்தான் கிழக்கால எழுவான்கரைக்குப் போகணும். பாதை வந்து சேருறதுக்குள்ள நீ எங்க போறாய், ஏன் போறாய், மடியில எவ்வளவு கட்டிக்கொண்டு போறாய் எண்டு கரையில நிக்கிற முழுப்பேருக்கும் கணக்குக் காட்டி முடிக்கணும். இப்ப மோட்டச்சைக்கிளை முறுக்கினா ஆரும் மறிக்க மாட்டாங்க. அதோட உனக்கு வாவி கடக்கிற வேலையும் இல்லை, செயலகம் கொக்கட்டிச்சோலையிலதான் இரிக்கு. அங்க காணிப் பிரச்சினைக்குப் போறவனும் பென்சனுக்குப் போறவனும் ஒரே வாசலாலதான் போறான். எவனாவது கேட்டா அஸ்வெசும உதவிப்பண வரிசையில நிண்டன் எண்டு சொல்லு. காலம்பிறப் போய்ப் பொழுதுபட வந்தாலும் நம்புவாங்க.

எங்கட ஊரைச் சொல்லியும் குற்றமில்லை. தான்தோன்றீச்சரத்துக் கல் நந்தி எழும்பிப் புல்லுத் திண்டு, சாணமும் போட்டு, கோயிலை இடிக்க வந்த பறங்கியை உதைச்சது எண்டா ஒரு கேள்வி கேளாம நம்பும். வாயால கதைச்சா மனம் ஆறும் எண்டு சொன்னா மட்டும் அத்தாட்சி கேக்கும்.

சரி, உள்ளுக்கு என்ன இரிக்கும்? சினிமாவில பாத்த கட்டிலைத் தேடாத. வியன்னாவில பிராய்ட் எண்ட வைத்தியர் ஆளைப் படுக்க வச்சு, தான் தலைமாட்டுப் பக்கம் கண்ணில படாம இரிந்து கேட்டவராம். உன்னைப் படுக்க வைக்கத் தேவையில்லை, நீ படுத்த படுக்கைதானே. இஞ்ச ஒரு மேசை, ரெண்டு பிளாஸ்ரிக் கதிரை, கடகடக்கிற ஃபேன், சுவரில டெங்கு நோட்டீஸ். மேசையில ரிசு ஒரு பெட்டி இரிக்கலாம். அதைக் கண்டோன ‘நான் அழ வரல்ல மிஸ்’ எண்டு தொடங்காத. அவ கேக்கவே இல்லை.

முதல் நாள் கனக்க எழுதுவா. பேர், வயசு, வீட்டில ஆர் ஆர், எத்தினை மணிக்குப் படுக்கிற, எத்தினை மணிக்கு முழிக்கிற, சோறு இறங்குதா, முந்தியும் இப்பிடி வந்ததா, சொந்தத்தில ஆருக்கும் இரிந்ததா. குடிப்பீங்களா எண்டும் கேப்பா. ‘எப்பையாவது’ எண்டு சொல்ல உன்ட நாக்கு வளையும். இந்த ஊர் ஆம்பிளை அத்தினை பேரும் எப்பையாவது குடிக்கிறவனுகள்தான், மதுவரி எடுக்கிற அரசாங்கம் மட்டும் வேற கணக்கு வச்சிரிக்கு. உள்ளதைச் சொல்லு. அவ உன்ட மாமியாரும் இல்லை, பொலிசும் இல்லை. அவவிட்ட நல்ல பேர் வாங்கி நீ என்ன, எலெக்சனா கேக்கப்போறாய்? நல்ல பிள்ளைக்கு நடிச்சாய் எண்டா, அந்த நடிகனுக்குத்தான் வைத்தியம் நடக்கும். நீ திரும்பி வந்து பாயில கிடப்பாய்.

முக்கால் மணித்தியாலம், கூடிப்போனா ஒரு மணித்தியாலம். அதுக்குள்ள ஒரு முடிவும் வராது. மறுகா அடுத்த கிழமை வாங்க எண்டுவா. ‘இதுக்கா கா வந்தம்’ எண்டு உனக்கு வரும். பேய் பிடிச்சவனுக்கு வேப்பிலை அடிச்சா அண்டிரவே பலன் காட்டுவாங்க, ஆனா அங்க பேய்க்கும் பூசாரிக்கும் முதலே பழக்கம். இது அப்பிடி இல்லை. ஆறு தரமோ பன்னிரண்டு தரமோ போகவேண்டி வரும், சிலருக்கு இன்னும் இழுக்கும். போற நாளெல்லாம் ஒரே மாதிரியும் இராது. ஒரு நாள் வாய் ஓயாது. இன்னொரு நாள் ரெண்டு பேரும் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரிக்கவேண்டி வரும். அதுக்காகப் பயந்து நெல்லு விலையைக் கதைக்கத் தொடங்காத.

நீ கடனைச் சொல்லி, கட்டாரில கண்ட கண்ராவியைச் சொல்லி, ‘இப்ப நான் என்ன செய்யட்டும் மிஸ்’ எண்டு கேப்பாய். ‘நீங்க என்ன நினைக்கிறீங்க’ எண்டு அவ திருப்பிக் கேப்பா. எங்கட சந்தியில ஒருத்தன் இப்பிடிக் கேட்டா, அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது எண்டுதான் அர்த்தம். அங்க தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறா. அமெரிக்காவில காள் றொஜேர்ஸ் எண்டு ஒரு மனிசன் 1942 இல் புத்தகம் போட்டு வாதாடினவர்: வந்தவனுக்குப் புத்தி சொல்லுறதை விடு, அவனை மதிச்சுக் கேள், வழி அவனிட்டயே இரிக்கு எண்டு. அந்த ஆளால என்ட தொழில் படுத்திட்டு. எனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறியா? சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வச்ச பட்டறையில எல்லாம் முன்வரிசையில இரிந்தவன் நான். அறிவுக்காக எண்டு நினைச்சிராத, ரோல்ஸ்சுக்காக. ஆனா திண்டு முடியும் வரைக்கும் காது சும்மாதானே இரிக்கு.

கேக்கிறது லேசான வேலை இல்லை மனே. கல்லடிப் பாலத்தடியில பூரணைக்குப் பூரணை வள்ளத்தில போய், துடுப்பை ஒரு நுனி தண்ணியிலயும் மற்ற நுனி காதிலயுமா வச்சுப் பாடும் மீனைக் கேப்பாங்க. லாங் பாதர் எண்ட வெள்ளைக்காரச் சாமியார் தண்ணிக்குள்ள மைக்கை இறக்கி அந்தச் சத்தத்தைப் பதிஞ்சும் வச்சவர். மீனுக்கு இவ்வளவு செய்த ஊர்தான் இது. வீட்டில பொஞ்சாதி ரெண்டு வார்த்தை கதைக்க வந்தா ரீவிச் சத்தத்தைக் கூட்டுறவனும் இந்த ஊர்க்காரன்தான்.

துக்கத்தைக் கொண்டுபோய் ஒருத்தரிட்ட இறக்கிறது எங்கட ஆக்களுக்குப் புதிசு எண்டு ஆரும் சொன்னா நம்பாத. தொண்ணூறுகளில பற்றிசியா லோறன்ஸ் எண்ட அமெரிக்க மானிடவியல்காரி எங்கட அம்மன் கோயில்களுக்கு வந்து இரிந்து அதைத்தான் எழுதினா. சண்டைக்காலத்தில ஆளைப் பிடிச்சுக்கொண்டு போன பிறகு கேக்கிறதுக்குக் கந்தோர் இல்லை, கேட்டவனும் திரும்பி வரல்ல. தாய்மார் தெய்வம் ஏறினவங்களிட்டத்தான் வாக்குக் கேட்டாங்க. உன்ட அம்மாவும், அப்பிடிப் பிடிச்சுக்கொண்டு போன எங்கட சின்னவனுக்காகக் கேட்டவள். தேவாதியா நிண்ட மனிசி இவள்ற மணிக்கட்டைப் பிடிச்சா. பிடிச்ச பிடி விடல்ல. ‘குளிர்ந்த இடத்தில இரிக்கான்’ எண்டு சொல்லிப் போட்டு, தெய்வம் ஏறின அந்த வாயாலயே ஓவெண்டு அழுதா. உன்ட அம்மா அண்டைக்குத்தான் சோறு திண்டாள். நான் அதைப் பகிடி பண்ண மாட்டன், பண்ணுறவனை விடவும் மாட்டன்.

வைகாசிக் குளிர்த்தியைப் பார். மதுரையை எரிச்ச கண்ணகிட சூட்டை ஆத்திறதுக்கு ஊரே திரண்டு தண்ணி தெளிக்குது. அவட கோவத்துக்கு ஞாயம் இல்லை எண்டு ஒருத்தனும் சொல்லுறதில்லை. மறந்திரு தாயே எண்டும் சொல்லுறதில்லை. வழக்குரைக் காவியத்தை முழுசாப் படிச்சு, நடந்ததெல்லாத்தையும் அவட முன்னால ஒப்புவிச்ச பிறகுதான் குளிர்த்தி. இதை வருசா வருசம் செய்துபோட்டு, வீட்டில ஒருத்தன் இடிஞ்சு கிடந்தா ‘நடந்ததை விடு, எழும்பிக் குளி’ எண்டுறம். நானும் உனக்கு அதைத்தானே ரெண்டு மாசமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

அதால கோயிலை விட்டுப்போட்டு மிஸ்ஸிட்டப் போ எண்டு நான் சொல்லல்ல. ரெண்டுக்கும் போ, அவ மறிக்க மாட்டா. ஆனா முறை வேற. வாக்குக் கேக்கிற இடத்தில தெய்வம் சொல்லும், நீ கேப்பாய். இஞ்ச நீதான் சொல்லணும். மண்டூர் முருகனுக்கு வாயைக் கட்டிக்கொண்டு பூசை, மிஸ்ஸிட்ட வாயைத் திறந்துகொண்டு பூசை. இடம் மாறிச் செய்திராத.

போய் ரெண்டு மூண்டு தரத்தில உனக்கு இன்னும் மோசமாகலாம். இதை முதலே சொல்லி வைக்கிறன், பிறகு மாமா ஏமாத்திப்போட்டார் எண்டு வரப்படாது. மாரிக்கு வாவி நிறைஞ்சு வட்டையெல்லாம் தாழக்குள்ள பாலமீன்மடுவில முகத்துவாரத்தை வெட்டுறாங்களே, பாத்திரிக்காய்தானே? வெட்டின உடனே நல்ல தண்ணியா ஓடுது? சேறும் சல்பீனியாவும் செத்த மாடும்தான் முதல்ல போகும். நாத்தமும் அப்பதான் கூட. அதுக்காக மண்ணைப் போட்டு மூடுறவன் இல்லை. அதே நேரம் கண்ட நேரத்திலயும் கண்ட இடத்திலயும் வெட்டக்கூடாது. வெட்டு எண்டு விவசாயி நிப்பான், இறாலும் மீனும் போயிரும் வெட்டாத எண்டு வாவிக்காரன் நிப்பான், கச்சேரியில கூட்டம் வச்சு, தண்ணி மட்டம் பாத்துத்தான் நாள் குறிப்பாங்க. உன்ட காரியத்திலயும் அப்பிடித்தான். முதல் நாளே எல்லாத்தையும் கொட்டு எண்டு ஆரும் வற்புறுத்தினா, ‘இதை இண்டைக்குக் கதைக்கேலாது’ எண்டு சொல்ல உனக்கு உரிமை இரிக்கு. தேர்ந்தவ எண்டா அவவே பொறுப்பா.

பொறுக்காதவங்களையும் இந்தக் கரை கண்டிரிக்கு. 2004 மார்கழி 26 இல் நாவலடியைக் கடல் வழிச்சுக்கொண்டு போன கையோட, வாளி, தறப்பாள், கவுன்சிலிங் எண்டு மூண்டும் ஒரே லொறியில வந்து இறங்கினது. எங்க இரிந்தெல்லாமோ வந்தாங்க. தமிழ் ஒரு சொல் தெரியாது. கடலைக் கீறு மகள், எப்பிடி இரிந்தது எண்டு சொல்லு மகன் எண்டாங்க. கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆக்களே, இந்தச் சனத்தை நோயாளி எண்டு மட்டும் பாக்காதீங்க, அதுகளுக்கெண்டு ஒரு வழி வகை இரிக்கு எண்டு கேட்டுப் பாத்தவங்க. ஈதன் வாட்டர்ஸ் எண்ட பத்திரிகைக்காரர் இந்தக் கூத்தைப் பிறகு ஒரு புத்தகத்தில முழு அத்தியாயமா எழுதிப்போட்டார். வந்தவங்களில நல்ல மனசுக்காரர் கனபேர். ஆனா மூண்டு மாச விசாவில வந்தவனிட்ட முப்பது வருசத் துக்கத்தைச் சொல்லேலுமா?

அதுக்கு முதலே எங்கட டவுனில ஒரு வேலை நடந்தது. 1996 இல், சண்டை நடந்துகொண்டிரிக்கக்குள்ள, போல் சற்குணநாயகம் பாதரும் கனடாக்காரக் கலைஞர் போல் ஹோகனும் சேந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினாங்க. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒண்டா வரும். களிமண் பிசையும், சாயம் பூசும், கதை கட்டி ஆடும். நடந்ததைச் சொல்லு எண்டு தொண்டையைப் பிடிக்கிற வேலை இல்லை. கை மண்ணில இரிக்கக்குள்ள வாய் தானாத் திறக்கும், திறக்காட்டியும் பரவாயில்லை. உனக்கும் கதை வராத நாளில அவ ஒரு தாளைத் தந்து எழுதச் சொல்லலாம், மூச்சை எண்ணச் சொல்லலாம், பொழுது சாயக்குள்ள வரம்பில கொஞ்சம் நடந்துபோட்டு வந்து எப்பிடி இரிந்தது எண்டு குறிக்கச் சொல்லலாம். முப்பத்தைஞ்சு வயசில வீட்டுப்பாடமா எண்டு சிரிக்காத. பள்ளிக்கூடத்திலயும் நீ செய்ததில்லை, உன்ட வாத்தியார் எனக்குக் கூட்டாளிதான்.

ஒரு காரியம் தெளிவா விளங்கிக்கொள். மிஸ் மருந்து தரமாட்டா. நித்திரையே வரல்ல, சாப்பாடே இறங்கல்ல எண்டா போதனா ஆசுபத்திரி மனநலப் பிரிவுக்குத் துண்டு தருவா. அது வேற வாசல், அங்க இரிக்கிறது டொக்டர். கிளினிக் கொப்பி தருவாங்க, காசு இல்லை. குளிசை தந்தா அது பிடிக்க ரெண்டு மூண்டு கிழமை செல்லும், தலையிடிக்குப் பனடோல் போட்ட மாதிரி அரை மணித்தியாலத்தில எழும்பிப் பாக்காத. சுகமாத்தானே இரிக்கு எண்டு உன்ட எண்ணத்துக்கு நிப்பாட்டவும் கூடாது, அவங்களைக் கேட்டுத்தான் குறைக்கணும். நாற்பதினாயிரத்துக்குத் தாயத்துக் கட்டினவன் அதைக் கழட்டாம ஆயுசுக்கும் திரியிறான், சும்மா தந்த குளிசையை மூண்டாம் நாள் கோழிக்குப் போடுறான்.

நீ சொல்லுறதை அவ வெளிய சொல்ல மாட்டா. உன்ட பொஞ்சாதி போய்க் கேட்டாலும் சொல்ல மாட்டா. ஒண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. உன்ட உயிருக்கோ மற்றவன்ட உயிருக்கோ ஆபத்து எண்டு கண்டா, காக்கவேண்டிய ஆளுக்குச் சொல்லுவா. அதை முதல் நாளே உனக்குச் சொல்லியும் போடுவா. இதில எனக்குப் பகிடி இல்லை மருமகன். 1995 இல் இந்த நாட்டில லட்சம் பேருக்கு 47 பேர் தன் கையாலயே போனாங்க. வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்தான் கனபேருக்கு எமன். ஆகக் கொடிய மருந்துகளை அரசாங்கம் தடைசெய்த பிறகு, பத்து வருசத்தில அந்தக் கணக்குப் பாதியாப் போனது. விளங்குதா? போத்தல் கைக்கு எட்டாமப் போன அந்த ஒரு ராவோட பிழைச்சவங்கள் எத்தினை பேர். உன்ட வீட்டு எண்ணெய் மருந்து முழுக்க முந்தநாளே என்ட வாடிக்கு வந்திட்டு, தேடாத. அப்பிடி நினைப்பு வந்தா கிழமை கிழமையாக் காத்திருக்கிறதும் இல்லை. அண்டிரவே என்னை எழுப்பு. இல்லாட்டி 1926 க்கு அடி, ராவு பகல் எண்டில்லை, தமிழிலயும் கதைப்பாங்க.

அந்த மிஸ் சின்னப் பிள்ளை, கலியாணமும் கட்டல்ல, அவவுக்கு என்ன தெரியும் எண்டு உன்ட மாமி நேத்தே தொடங்கிட்டா. மாமிக்கு எல்லாம் தெரியும், அதாலதான் ஆரும் அவவிட்ட ஒண்டும் சொல்லுறதில்லை. ஆனா நாலு தரம் போயும் அவவோட ஒத்து வரல்ல எண்டா, நேராச் சொல்லிப்போட்டு வேற ஆளைக் கேள். கோவிக்க மாட்டா. சொல்லாமக் கொள்ளாம நிண்டுபோட்டு ‘கவுன்சிலிங் எல்லாம் சும்மா’ எண்டு சந்தியில குந்தாத, அங்க ஏற்கனவே இடம் இல்லை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காவாம். சேவ் எடுத்துப்போட்டுப் போ. மோட்டச்சைக்கிளுக்கு எண்ணெய் நான் அடிச்சு விடுறன். திரும்பி வரக்குள்ள நான் படலைக்கு வெளிய நிப்பன். என்ன கதைச்ச, என்ன கேட்டா, என்னைப் பற்றி ஏதும் சொன்னியா எண்டு கேப்பன். கேளாம இரிக்க என்னால ஏலாது. தயிர்ச்சட்டி காட்டியும் கேப்பன். சொல்லாத. தயிரை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ள போ.